சீனத் தலைமை, மேற்கத்திய ஊடகம், இடதுசாரிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இடதுசாரி. 1949-ஆம் ஆண்டுச் சீனப் புரட்சியை இருபதாம் நூற்றாண்டின் பெரும் விடுதலைகளில் ஒன்றாகவே மதிக்கிறேன். அதனாலேயே இன்றைய சீனத் தலைமையைப் பற்றி வாய்மூடி இருக்க மனம் வருவதில்லை. வாசிப்பு வட்டங்களிலும் கட்சித் தோழர்களுடனான பேச்சுகளிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சீனாவை விமர்சிக்கிற இடதுசாரி, மேற்கத்திய ஊடகம் சொல்வதைத்தானே திருப்பிச் சொல்கிறார்?

சிலர் அப்படிச் செய்கிறார்கள், உண்மைதான். ஆனால் இடதுசாரி கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் சீனச் சந்தை எவ்வளவு திறந்திருக்கிறது, அமெரிக்க மேலாதிக்கத்துக்குச் சீனாவால் என்ன ஆபத்து என்பதுதான் முதல் கவலை. நமக்கு முதல் கவலை அங்குள்ள தொழிலாளியும் விவசாயியும். அவர்கள் சங்கம் வைக்க முடிகிறதா, வேலைநிறுத்தம் செய்ய முடிகிறதா, அதிகாரியை எதிர்த்துப் பேசிவிட்டு வீட்டில் நிம்மதியாகத் தூங்க முடிகிறதா?

இந்தக் கேள்விகளோடு போனால் ஒன்று கண்ணில் படும். மேற்கத்தியச் செய்தியிலும் சீனத் தொழிலாளி பெரும்பாலும் இல்லை, பெய்ஜிங்கின் அறிக்கையிலும் இல்லை. கீழே உள்ள பதில்களில் பலவற்றில் அவர் வருவார்.

மேற்கத்திய ஊடகம் சீனாவைப் பற்றிப் பொய் சொல்கிறதா?

பல நேரம் மிகைப்படுத்துகிறது, சில நேரம் சொல்வது அப்பட்டமான தவறு. 'சமூக மதிப்பெண்' கதையைப் பாருங்கள். ஒவ்வொரு சீனருக்கும் அரசு ஒரு மதிப்பெண் போடுகிறது, சிவப்பு விளக்கைத் தாண்டினால் அது குறையும், குறைந்தால் வாழ்க்கை போச்சு என்று ஆண்டுக்கணக்கில் எழுதினார்கள். நாடு முழுவதற்குமான அப்படி ஒரு மதிப்பெண் கிடையாது. இருப்பவை நிறுவனங்கள் சட்டத்துக்குக் கட்டுப்படுகின்றனவா என்று பார்க்கும் பதிவேடுகள், நீதிமன்றம் கட்டச் சொன்ன கடனைக் கட்டாதவர்களின் கறுப்புப் பட்டியல், ரோங்செங் போன்ற சில ஊர்களில் நடந்த உள்ளூர்ச் சோதனைகள். கறுப்புப் பட்டியலில் பெயர் வந்தால் விமானப் பயணச்சீட்டு கிடைக்காது. அதுவே விமர்சிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் உலகம் கேட்ட கதை அது இல்லை.

2022 செப்டம்பரில் ஷி ஜின்பிங் வீட்டுக் காவலில் இருக்கிறார், பெய்ஜிங்கில் ராணுவப் புரட்சி என்று ஒரு வதந்தி கிளம்பியது நினைவிருக்கும். அதை ஊதிப் பெரிதாக்கியதில் இந்தியச் சமூக ஊடகக் கணக்குகளுக்கும் நம்மூர்த் தொலைக்காட்சிகளுக்கும் பெரிய பங்கு உண்டு. சில நாட்களிலேயே அவர் பெய்ஜிங்கில் ஒரு கண்காட்சியைச் சுற்றிப் பார்க்கிற படம் வந்தது. செய்தி போட்ட யாரும் வருத்தம் தெரிவித்ததாக நான் பார்க்கவில்லை.

இனவெறியும் இருக்கிறது. கொரோனாவின் தொடக்கத்தில், 2020 பிப்ரவரியில், வால் ஸ்ட்ரீட் ஜர்னல் சீனாவை 'ஆசியாவின் நிஜ நோயாளி' என்று தலைப்பிட்டு ஒரு கருத்துக் கட்டுரை போட்டது. காலனிக் காலத்து வசை அது. பதிலுக்குச் சீன அரசு அந்தப் பத்திரிகையின் மூன்று செய்தியாளர்களை வெளியேற்றியது. அந்தக் கட்டுரையையோ தலைப்பையோ எழுதியவர்கள் அந்த மூவரும் அல்ல.

அதே மேற்கத்திய ஊடகத்தில் நல்ல வேலையும் நடக்கிறது. 2012-இல் அன்றைய பிரதமர் வென் ஜியாபாவின் குடும்பத்தார் கைவசம் 270 கோடி டாலர் அளவுக்குச் சொத்து இருந்ததை நியூயார்க் டைம்ஸ் ஆவணங்களோடு வெளியிட்டது. உடனே அந்த இணையதளத்தைச் சீனாவில் முடக்கினார்கள். கம்யூனிஸ்ட் கட்சித் தலைவரின் குடும்பம் எப்படிக் கோடீஸ்வரக் குடும்பம் ஆனது என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டியது இடதுசாரிகள். நாம் கேட்கவில்லை.

1989-இல் தியானன்மென்னில் படுகொலையே நடக்கவில்லை என்கிறார்களே?

பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தை மையமாகக் கொண்டு மாணவர்கள் நடத்திய போராட்டத்தை அந்த ஜூனில் ராணுவம் நசுக்கியது. சதுக்கம் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு நடக்கிற வாதம் இது. வாஷிங்டன் போஸ்ட்டுக்காக அன்று பெய்ஜிங்கிலிருந்து செய்தி எழுதிய ஜே மேத்யூஸ் 1998-இல் எழுதிய ஒரு கட்டுரையில், சதுக்கத்துக்குள் அந்த இரவில் யாரும் கொல்லப்பட்டதாக உறுதியான சாட்சியம் இல்லை, கடைசிவரை இருந்த மாணவர்கள் வெளியேற அனுமதிக்கப்பட்டார்கள் என்றார். அதே கட்டுரையில் அவர் சொன்ன அடுத்த விஷயத்தை நம் தோழர்கள் மேற்கோள் காட்டுவதில்லை: கொலை நடந்தது சுற்றியிருந்த சாலைகளில், செத்தவர்களில் பெரும்பாலோர் தொழிலாளர்களும் வழிப்போக்கர்களும்.

ஜூன் 3 இரவு சாங்ஆன் பெருஞ்சாலையின் மேற்குப் பகுதியில், முக்சிடி என்ற இடத்தில், நகர மக்கள் பேருந்துகளைக் குறுக்கே நிறுத்தி ராணுவத்தை மறித்தார்கள். துப்பாக்கிச் சூடு அங்கே பலத்தது. சில நூறு பேர் முதல் சில ஆயிரம் பேர் வரை செத்திருக்கலாம் என்று மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. 17 வயது மகனை இழந்த டிங் ஸிலின் தொடங்கிய தியானன்மென் தாய்மார்கள் அமைப்பு, காவல்துறைக் கண்காணிப்புக்கு நடுவிலேயே வீடு வீடாகத் தேடி 200-க்கும் மேற்பட்டவர்களின் பெயர்களைச் சேகரித்திருக்கிறது.

மாணவர்கள் அமெரிக்க மாதிரி ஜனநாயகம் கேட்டார்கள், கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள் என்று மேற்கத்திய ஊடகம் கதையைச் சுருக்கிவிட்டது. சுதந்திர தேவி சிலையைப் போன்ற அந்த வெள்ளைச் சிலையின் படம்தான் உலகம் முழுக்கப் போனது. ஆனால் சதுக்கத்தில் மாணவர்கள் பாடிய பாட்டுகளில் ஒன்று, உலகத் தொழிலாளர் இயக்கத்தின் பாட்டான சர்வதேசிய கீதம். 1988-இல் விலைவாசி 18 சதவீத அளவுக்கு ஏறியிருந்தது. விலைக் கட்டுப்பாட்டை நீக்கிய சீர்திருத்தத்தாலும், அதிகாரிகளின் பிள்ளைகள் அடித்த கொள்ளை லாபத்தாலும் வயிறெரிந்த தொழிலாளர்கள் பெய்ஜிங் தன்னாட்சித் தொழிலாளர் கூட்டமைப்பைத் தொடங்கினார்கள். ஹான் டோங்ஃபாங் என்ற ரயில்வே எலெக்ட்ரீஷியன் அதன் முன்னணியில் இருந்தார். பிறகு 22 மாதம் சிறை, அங்கே காசநோய்.

தண்டனையிலும் வர்க்கம் தெரிந்தது. மாணவர் தலைவர்களுக்குச் சிறை, அல்லது வெளிநாட்டுத் தஞ்சம். மரண தண்டனைக்கு ஆளானவர்கள் தொழிலாளர்களும் வேலையற்றவர்களும். ஷாங்காயில் தண்டவாளத்தை மறித்த கூட்டத்துக்குள் ஜூன் 6 அன்று ஒரு ரயில் புகுந்து ஆறு பேர் இறந்தார்கள். ஆத்திரத்தில் மக்கள் அந்த ரயிலைக் கொளுத்தினார்கள். அதற்காக மூன்று பேருக்கு ஜூன் 21-ஆம் தேதியே மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது, இரண்டு வாரம் கொஞ்சம் கூடுதல். மேற்கின் நினைவஞ்சலிகளில் இந்த மூவர் வருவதே அபூர்வம். பெய்ஜிங்கிலோ 1989 என்ற பேச்சையே எடுக்கக் கூடாது.

மாவோ காலத்துப் பஞ்சத்தில் கோடிக்கணக்கானோர் செத்தது உண்மையா?

உண்மை. எண்ணிக்கையில்தான் சண்டை. ஒன்றரைக் கோடியிலிருந்து நாலரைக் கோடி வரை மதிப்பீடுகள் உண்டு. 1959 முதல் 1961 வரையிலான அந்தப் பஞ்சத்தில் தன் தந்தையையே பறிகொடுத்தவர் யாங் ஜிஷெங். சீன அரசுச் செய்தி நிறுவனமான ஷின்ஹுவாவில் காலம் முழுக்க வேலை பார்த்த கட்சி உறுப்பினர். மாகாண ஆவணக் காப்பகங்களில் தேடி அவர் வந்து சேர்ந்த கணக்கு 3 கோடியே 60 லட்சம். பிறக்காமல் போன குழந்தைகளையும் சேர்த்து எண்ணிக்கையை ஊதுகிறார்கள் என்று இந்திய இடதுசாரிப் பொருளாதார அறிஞர் உத்ஸா பட்நாயக் வாதிட்டார். அந்த வாதத்தில் விஷயம் இருக்கிறது. ஆனால் மிகக் குறைந்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டாலும் அது பெருங்கொடுமை.

காரணம் வானம் மட்டும் இல்லை. பெரும் பாய்ச்சல் என்று மாவோ தொடங்கிய அவசர வளர்ச்சித் திட்டத்தின் காலத்தில் மேலிடத்தைத் திருப்திப்படுத்த அதிகாரிகள் விளைச்சலைப் பல மடங்கு கூட்டிச் சொன்னார்கள். அந்தப் பொய்க் கணக்கை வைத்து அரசு தானியத்தை அள்ளிக்கொண்டு போனது. ஹெனான் மாகாணத்தின் ஷின்யாங் வட்டாரத்தில் மட்டும் சுமார் பத்து லட்சம் பேர் செத்ததாகக் கணக்கு. 1959-இல் சீனா 40 லட்சம் டன்னுக்கு மேல் தானியம் ஏற்றுமதி செய்தது. அந்த ஆண்டு லூஷானில் நடந்த கட்சிக் கூட்டத்தின்போது பாதுகாப்பு அமைச்சர் பெங் தெஹுவாய், நிலைமை சரியில்லை என்று மாவோவுக்குக் கடிதம் எழுதினார். பதவி பறிபோனது. அதற்குப் பிறகு யார் வாய் திறப்பார்கள்? 1962-இல் லியு ஷாவோச்சி, ஹூனான் விவசாயிகள் சொன்னதாக, இதில் மூன்று பங்கு இயற்கை, ஏழு பங்கு மனிதன் என்றார். நாட்டின் தலைவராக இருந்த அவர் 1969-இல் காவலிலேயே மருத்துவமின்றி இறந்தார்.

இதற்கு மறுபக்கம் ஒன்றை அமர்த்தியா சென்னும் ஜான் டிரேஸும் சொன்னார்கள். இந்தியாவில் அப்படி ஒரு பஞ்சம் வராததற்கு எதிர்க்கட்சியும் பத்திரிகையும் காரணம். ஆனால் சத்துக்குறைவாலும் மருத்துவமின்மையாலும் ஆண்டுதோறும் சத்தமில்லாமல் சாகிறவர்களைக் கணக்கிட்டால், சீனாவின் பஞ்சச் சாவுகளுக்கு இணையான எண்ணிக்கையை இந்தியா எட்டே ஆண்டில் எட்டிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். 1949-இல் 35 வயது அளவில் இருந்த சீனர்களின் சராசரி ஆயுள் 1980 வாக்கில் 65-ஐத் தாண்டியது. அப்போது இந்தியாவில் 54 அளவில்தான். குறுகிய காலப் பயிற்சியோடு கிராமம் கிராமமாகப் போன 'வெறுங்கால் மருத்துவர்களும்' நிலச் சீர்திருத்தமும் செய்த வேலை அது. மேற்கத்திய ஊடகம் பஞ்சத்தை மட்டும் சொல்லும், சீன ஆதரவாளர்கள் ஆயுளை மட்டும் சொல்வார்கள். ஒரே கட்சி, ஒரே தலைமை, ஒரே முப்பதாண்டு. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

பண்பாட்டுப் புரட்சி?

கட்சிக்குள் இருக்கும் முதலாளித்துவவாதிகளை ஒழிக்கிறோம் என்று மாவோ 1966-இல் இளைஞர்களைக் கிளப்பிவிட்ட இயக்கம் அது. சீனக் கட்சியே 1981-இல் நிறைவேற்றிய தீர்மானத்தில், மக்கள் குடியரசு தோன்றியதிலிருந்து கண்ட மிகக் கடுமையான பின்னடைவு அது என்று ஒப்புக்கொண்டது. மாவோவின் பங்களிப்பு முதன்மையானது, தவறுகள் இரண்டாம்பட்சம் என்றும் அதே தீர்மானம் சொன்னது. கட்சி அதிகாரிகளே புதிய ஆளும் கூட்டமாக மாறிவிடுவார்கள் என்று மாவோ பயந்தது சரியான பயம் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். பள்ளி ஆசிரியரின் கழுத்தில் பலகையைத் தொங்கவிட்டு அடித்தது அதற்கு மருந்து இல்லை.

அப்படியானால் இன்றைய சீனா சோசலிச நாடா, முதலாளித்துவ நாடா?

நான் அதை, ஒரு பலமான அரசு கட்டி மேய்க்கிற முதலாளித்துவம் என்பேன். இதில் இடதுசாரிகளுக்குள் ஒருமித்த கருத்து கிடையாது. சோசலிசம்தான் என்பவர்கள் சொல்லும் காரணங்களை ஒதுக்கித் தள்ளவும் முடியாது: நகர நிலம் அரசுக்குச் சொந்தம், பெரிய வங்கிகள் அரசின் கையில், அலிபாபாவோடு இணைந்த நிதி நிறுவனமான ஆன்ட் குழுமத்தின் பங்கு வெளியீட்டை 2020 நவம்பரில் கடைசி நேரத்தில் நிறுத்தி, அடுத்த ஏப்ரலில் அலிபாபாவுக்கு 1,820 கோடி யுவான் அபராதம் போட முடிந்த அரசு அது. வேறு எந்த நாட்டில் இது நடக்கும்?

சரி, மறுபக்கம் பாருங்கள். மொத்த உற்பத்தியில் சுமார் 60 சதவீதமும் நகர வேலைவாய்ப்பில் 80 சதவீதமும் தனியார் துறையிலிருந்து வருவதாகச் சீனத் தலைவர்களே சொல்கிறார்கள். 2001-இல் அன்றைய கட்சித் தலைவர் ஜியாங் ஜெமின் முதலாளிகளுக்குக் கட்சிக் கதவைத் திறந்தார். அலிபாபா நிறுவனர் ஜாக் மா கட்சி உறுப்பினர் என்பதை 2018-இல் கட்சிப் பத்திரிகையான மக்கள் தினசரியே வெளியிட்டது. 1990-களின் பின்பகுதியில் அரசு ஆலைகளிலிருந்து கோடிக்கணக்கான தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2002-இல் லியாவோயாங் நகரத்து இரும்புக் கலப்புலோக ஆலைத் தொழிலாளர்கள் நிலுவைச் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் தெருவில் இறங்கியபோது, யாவ் ஃபூஷின் என்ற தொழிலாளர் தலைவருக்கு அரசைக் கவிழ்க்க முயன்றதாக ஏழாண்டுச் சிறை கிடைத்தது. சொத்து அரசின் பெயரில் இருக்கிறதா என்பதோடு, அந்த அரசில் தொழிலாளிக்கு என்ன அதிகாரம் என்றும் பார்க்க வேண்டும்.

80 கோடிப் பேரை வறுமையிலிருந்து மீட்டார்களே, அது போதாதா?

மனித வரலாற்றில் அதற்கு இணை இல்லை. நாற்பதாண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் என்பது உலக வங்கியும் ஏற்கிற கணக்கு. 2021 பிப்ரவரியில் கடும் வறுமை ஒழிந்ததாக ஷி அறிவித்தபோது மேற்கத்திய ஊடகத்தில் பாதி அதை வெறும் பிரசாரம் என்று தள்ளியது நேர்மையற்ற செயல். மலைக் கிராமங்களுக்குச் சாலையும் மின்சாரமும் பள்ளியும் போய்ச் சேர்ந்தது கண்கூடு.

ஆனால் 2020 மே மாதம் பிரதமர் லீ கெச்சியாங், 60 கோடிப் பேரின் மாத வருமானம் 1,000 யுவான் அளவில்தான் இருக்கிறது என்று செய்தியாளர் கூட்டத்தில் வெளிப்படையாகச் சொன்னார். அப்புறம் ஹுகோ. அந்தக் குடும்பப் பதிவு முறையால், கிராமத்திலிருந்து வந்து நகரத்தைக் கட்டுகிற கிட்டத்தட்ட 30 கோடித் தொழிலாளர்களில் பலருக்கு அந்த நகரத்தின் பள்ளியிலும் மருத்துவக் காப்பீட்டிலும் சம உரிமை இல்லை. பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு ஆண்டுக்கு ஒருமுறை சீனப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போகிற தாய்தகப்பன்களின் உழைப்பில் எழுந்த வளர்ச்சி அது.

சீனாவில் தொழிற்சங்கம் உண்டா?

ஒன்றே ஒன்று உண்டு. அனைத்துச் சீனத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு. அதற்கு வெளியே சங்கம் வைப்பது சட்டவிரோதம். 1975, 1978 அரசியல் சட்டங்களில் இருந்த வேலைநிறுத்த உரிமையை 1982-இல் எடுத்துவிட்டார்கள்.

இது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஜாசிக். ஷென்சென் நகரத்தில் வெல்டிங் கருவிகள் செய்யும் ஆலை. 2018-இல் அங்குள்ள தொழிலாளர்கள் அபராதப் பிடித்தம், இஷ்டத்துக்கு மாறும் வேலை நேரம் ஆகியவற்றை எதிர்த்துச் சங்கம் வைக்கப் போனார்கள். அவர்கள் தனிச் சங்கம் கேட்கவில்லை. அந்த ஒரே அதிகாரபூர்வக் கூட்டமைப்பின் கிளையைத்தான் கேட்டார்கள். முன்நின்றவர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டார்கள். ஜூலை 27 அன்று சுமார் முப்பது பேர் கைது. பீக்கிங் பல்கலைக்கழகம் உள்ளிட்ட இடங்களிலிருந்து மார்க்சிய மாணவர்கள் ஆதரவுக்கு வந்தார்கள். அவர்களில் யுவே ஷின் என்ற இளம் பட்டதாரி ஷி ஜின்பிங்குக்கே ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆகஸ்ட் 24 அதிகாலையில் காவல்துறை அவர்கள் தங்கியிருந்த வீட்டுக்குள் புகுந்து சுமார் ஐம்பது பேரை அள்ளிக்கொண்டு போனது. டிசம்பர் 26, மாவோவின் 125-ஆவது பிறந்தநாள். அதைக் கொண்டாடக் கிளம்பிய பீக்கிங் பல்கலைக்கழக மார்க்சியச் சங்கத்தின் தலைவரை வழியிலேயே பிடித்து வண்டியில் ஏற்றினார்கள்.

2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கப் பதிவுக்காக ஒரு மாதத்துக்கும் மேலாக வேலைநிறுத்தம் செய்தபோது சிஐடியு அவர்களோடு நின்றது, நாமெல்லாம் நின்றோம். ஜாசிக் தொழிலாளர்கள் கேட்டதும் அதையேதான். அங்கே அதைக் கேட்டவர்களை 'வெளிச் சக்திகளின் கைப்பாவை' என்று நம் தோழர்கள் சிலர் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. நம் தொழிலாளர்களைப் பற்றி நம்மூர் முதலாளிகள் சொல்வதும் இதே வார்த்தைகள்.

சின்ஜியாங்கில் நடப்பது இனப்படுகொலையா?

சீனாவின் மேற்கு எல்லையில் உள்ள சின்ஜியாங்கில், உய்குர் என்ற முஸ்லிம் சிறுபான்மை மக்கள் மேல் பெரும் அடக்குமுறை நடந்தது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இனப்படுகொலை என்ற சொல்லை நான் பயன்படுத்துவதில்லை. அமெரிக்க அரசு அந்தச் சொல்லை அறிவித்தது 2021 ஜனவரி 19, டிரம்ப்பின் முதல் ஆட்சிக்குக் கடைசி முழு நாள். அதே அமெரிக்கா 2001-க்குப் பிறகு 22 உய்குர்களைக் குவாண்டானமோவில் அடைத்து வைத்திருந்தது. கிழக்குத் துர்கெஸ்தான் இஸ்லாமிய இயக்கம் என்ற உய்குர் ஆயுதக் குழுவை 2002-இல் பயங்கரவாதப் பட்டியலில் சேர்த்ததும் 2020-இல் எடுத்ததும் அவர்களே. உய்குர் மக்கள் மேல் அவர்களுக்கு எவ்வளவு அக்கறை என்பதை இதிலிருந்தே கணிக்கலாம்.

ஆனால் உய்குர்களை அடைத்து வைக்க 2017-இல் தொடங்கிய முகாம்கள் அமெரிக்கக் கற்பனை அல்ல. 2018 ஆகஸ்டில் ஜெனீவாவில் அப்படி எதுவும் இல்லை என்ற சீனா, அக்டோபரில் அவை தொழிற்பயிற்சி மையங்கள் என்றது. ஐ.நா. மனித உரிமை ஆணையர் அலுவலகம் 2022 ஆகஸ்ட் 31-இல் வெளியிட்ட அறிக்கை, மானுடத்துக்கு எதிரான குற்றங்களாக இருக்கக்கூடும் என்றது. அதை விவாதிக்கலாமா என்ற வாக்கெடுப்பே மனித உரிமைக் கவுன்சிலில் 17-க்கு 19 என்று தோற்றது. இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டது.

குன்மிங் ரயில் நிலையத்தில் 2014-இல் 31 பேர் வெட்டிக் கொல்லப்பட்டது போன்ற தாக்குதல்களும் நிஜம். அதற்காக ஒரு மொத்த மக்களையும் சந்தேகப் பட்டியலில் வைப்பதை, காஷ்மீரில் எதிர்க்கிற நாம் சின்ஜியாங்கில் ஏற்க முடியாது. இல்ஹாம் தோஹ்தி பெய்ஜிங்கில் பாடம் நடத்திய உய்குர் பொருளாதாரப் பேராசிரியர். பிரிவினை கேட்காதவர், பெரும்பான்மை ஹான் மக்களுக்கும் உய்குர் மக்களுக்கும் இடையே உரையாடல் வேண்டும் என்றவர். அவருக்கு 2014-இல் ஆயுள் தண்டனை.

ஷி ஜின்பிங் சர்வாதிகாரியா?

2018 மார்ச்சில் குடியரசுத் தலைவர் பதவிக்கான இரண்டு முறை வரம்பை நீக்கினார்கள். ஆதரவு 2,958, எதிர்ப்பு 2. வரம்பு மாவோ காலத் தனிமனித ஆட்சி திரும்பக் கூடாது என்றே வைக்கப்பட்டது. எந்தக் கம்யூனிஸ்ட் கட்சிக்கும் இது பெருமை சேர்க்காது.

இலங்கையின் ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனாவின் கடன் பொறிதானே?

பத்திரிகைகள் சொல்லும் வடிவத்தில் அது தவறு. இலங்கை கடனைக் கட்ட முடியாததால் சீனா துறைமுகத்தைப் பறித்துக்கொண்டது என்கிறார்கள். நடந்தது வேறு. 2017-இல் சீனா மெர்ச்சன்ட்ஸ் நிறுவனம் 99 ஆண்டுக் குத்தகைக்கு 112 கோடி டாலர் கொடுத்தது. அந்தப் பணம் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. சீன வங்கியிடம் வாங்கிய துறைமுகக் கடன் அப்படியே இருந்தது, அதற்குத் தவணையும் தொடர்ந்தது. அந்தக் காலத்தில் இலங்கையின் கழுத்தை நெரித்த பெரும் கடன், மேற்கத்தியச் சந்தைகளில் விற்ற சர்வதேசப் பத்திரங்கள். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்ததற்கு அவை முக்கியக் காரணம். 'கடன் பொறி' என்ற சொல்லைப் பரப்பியவர்கள் அந்தப் பத்திரங்களை வைத்திருந்த நிதி நிறுவனங்களைப் பற்றி மூச்சுவிடவில்லை.

சீனாவுக்கு இதில் குற்றமே இல்லையா? உண்டு. முதல் கட்டத்துக்குக் கொடுத்த 30 கோடிச் சொச்சம் டாலருக்கு 6.3 சதவீத வட்டி. அது சலுகைக் கடன் ஆகாது. ராஜபக்சவின் சொந்த ஊர் ஆடம்பரத்துக்கு எந்தக் கேள்வியும் கேட்காமல் பணம் கொடுத்தார்கள்.

சீனா ஏகாதிபத்தியத்தை எதிர்க்கும் நாடு, ஒடுக்கப்பட்டோரின் நண்பன் இல்லையா?

இந்த நம்பிக்கையால் மிகவும் அடிபட்டவர்களில் ஈழத்து இடதுசாரிகளும் உண்டு. நா. சண்முகதாசன் சீனச் சார்புக் கட்சியின் தலைவர், மாவோவை நேரில் சந்தித்தவர். அவர் கட்சிதான் 1966 அக்டோபர் 21-இல் நடந்த சாதி எதிர்ப்பு எழுச்சியைத் தொடர்ந்து, வட இலங்கையில் தேநீர்க் கடைக்கும் கோயிலுக்கும் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழையும் போராட்டங்களில் முன்நின்றது. 1971-இல் ஜேவிபி என்ற சிங்கள இடதுசாரி இளைஞர் கட்சியின் கிளர்ச்சியை அரசு ஆயிரக்கணக்கான இளைஞர்களைக் கொன்று நசுக்கியபோது, கிளர்ச்சியில் பங்கில்லாத சண்முகதாசனும் சிறைக்குப் போனார். அதே நேரத்தில் சீனப் பிரதமர் சூ என்லாய், இலங்கைப் பிரதமர் சிறிமாவோவுக்கு ஆதரவுக் கடிதம் எழுதி வட்டியில்லாக் கடனும் கொடுத்தார். அதே ஆண்டு வங்கதேசப் போரில் சீனத் தலைவர்கள் பாகிஸ்தான் ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் பக்கம் நின்றார்கள். 1979-இல் வியட்நாம் மேல் படையெடுத்தார்கள்.

2009 மே 27, முள்ளிவாய்க்கால் முடிந்து ஒன்பதாம் நாள். ஐ.நா. மனித உரிமைக் கவுன்சிலில் இலங்கை அரசைப் பாராட்டிய தீர்மானம் 29-க்கு 12 என்று நிறைவேறியது. சீனாவும் இந்தியாவும் கியூபாவும் பாகிஸ்தானும் ஒரே பக்கம் கை தூக்கின. அந்த நாளுக்குப் பிறகு, ஒரு நாடு தன் கொடியில் என்ன நிறம் வைத்திருக்கிறது என்பதை வைத்து அதன் வெளியுறவுக் கொள்கையை நம்ப என்னால் முடியவில்லை. அரசுகள் தங்கள் நலனைப் பார்க்கின்றன, சீன அரசும்தான்.

சீனாவைப் பற்றி நல்லதாக எழுதினாலே சீனப் பணம் என்கிறார்களே?

டெல்லியிலிருந்து இயங்கும் நியூஸ்கிளிக் என்ற இணையச் செய்தித்தளத்தின் மேல் வழக்கு இப்படித்தான் வந்தது. 2023 ஆகஸ்ட் 5-இல் நியூயார்க் டைம்ஸ், நெவில் ராய் சிங்கம் என்ற அமெரிக்கச் செல்வந்தரின் நன்கொடைகள் சீனப் பிரசாரத்துக்கு உதவுவதாக எழுதிய கட்டுரையில் நியூஸ்கிளிக்கின் பெயரும் இருந்தது. அக்டோபர் 3 காலையில் டெல்லி காவல்துறை பத்திரிகையாளர்களின் வீடுகளில் சோதனை போட்டு, ஆசிரியர் பிரபீர் புர்கயஸ்தாவை ஊபா சட்டத்தில் கைது செய்தது. எழுபது வயதைத் தாண்டியவர் ஏழு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். கைதுக்கான காரணத்தை எழுத்தில் தரவில்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2024 மே 15-இல் அந்தக் கைதே செல்லாது என்றது. மேற்கத்திய ஊடகத்தின் ஒரு பத்தி, இங்குள்ள அரசின் கையில் என்ன ஆயுதமாக மாறும் என்பதை அந்த நிருபர்கள் யோசித்திருக்க வேண்டும்.

பணம் எதிர்த்திசையிலும் ஓடுகிறது. சீனச் செல்வாக்கை எதிர்ப்பதற்கு ஐந்தாண்டுகளில் 160 கோடி டாலர் ஒதுக்கும் மசோதாவை அமெரிக்கக் கீழவை 2024 செப்டம்பரில் நிறைவேற்றியது.

சீனாவின் சொந்த ஊடகத்தை நம்பலாமா?

அரசு என்ன நினைக்கிறது என்று தெரிந்துகொள்ள நம்பலாம். ஊடகங்கள் கட்சியின் குடும்பப் பெயரைத் தாங்க வேண்டும், அதாவது கட்சிக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 2016 பிப்ரவரியில் ஷி நேரடியாகவே சொன்னார். கொரோனா பரவத் தொடங்கிய வூஹானுக்குப் போய்ப் படம் எடுத்த ஜாங் ஜான் என்ற பெண்ணுக்கு நான்காண்டுச் சிறை கிடைத்தது.

இதையெல்லாம் பேசினால் அமெரிக்காவின் போர் வெறிக்கு உதவியாகாதா?

ஆகும், அமெரிக்காவின் தடைகளையும் தைவானைச் சுற்றிய படைக் குவிப்பையும் எதிர்க்காமல் இதை மட்டும் பேசினால். நான் இரண்டையும் ஒரே மேடையில் பேசுகிறேன். மௌனமாக இருந்தால் இந்த விஷயங்கள் முழுக்கப் போர் வெறியர்களின் சொத்தாகிவிடும். அவர்கள் சீனத் தொழிலாளிக்காகக் கண்ணீர் விடுவார்கள், நாளைக்கே அந்த ஆலையை வியட்நாமுக்கோ ஒரகடத்துக்கோ மாற்றிவிட்டு அங்கேயும் சங்கத்தை உடைப்பார்கள்.

சீனாவுக்குள் இப்போது இடதுசாரி விமர்சனம் மிச்சம் இருக்கிறதா?

இருக்கிறது, பெரும்பாலும் பெயரில்லாமல். 2020 செப்டம்பரில் ஒரு சீன இதழ், உணவு விநியோகிக்கும் தொழிலாளர்களை அல்காரிதம் எப்படி நிமிடக் கணக்கில் விரட்டுகிறது, அதனால் அவர்கள் எப்படிச் சிவப்பு விளக்கைத் தாண்டி விபத்தில் சிக்குகிறார்கள் என்று நீண்ட கட்டுரை வெளியிட்டது. நாடே அதைப் படித்தது. அந்த வேலையிலேயே இருந்த சென் குவோஜியாங், ஆயிரக்கணக்கான விநியோகத் தொழிலாளர்களை வீசாட் என்ற சீன அரட்டைச் செயலியின் குழுக்களில் சேர்த்து, விபத்து நடந்தால் உதவி, சட்ட ஆலோசனை, நிறுவனங்களின் தந்திரங்களை அம்பலப்படுத்தும் காணொளி என்று இயங்கிக்கொண்டிருந்தார். 2021 பிப்ரவரியில், சண்டை வளர்த்துத் தொல்லை கொடுத்ததாகச் சொல்லிக் கைது செய்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் அரசு, இந்தத் தொழிலாளர்களுக்கு உள்ளூர்க் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் குறையாமல் கிடைக்க வேண்டும், நேர வரம்பைத் தளர்த்த வேண்டும் என்று நிறுவனங்களுக்கு நெறிமுறை போட்டது. அவர் கேட்டவற்றில் முக்கியமானவை அதில் இருந்தன. அவரோ 2022 ஜனவரி வரை வெளியே வரவில்லை.